லேபிள் அடிக்க வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

இட்லிப் பொடி, வடகம், செக்கு எண்ணெய், முறுக்கு என்று வீட்டிலேயே செய்து விற்கிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வியாபாரம் கொஞ்சம் பிடித்ததும், கடையில் வைப்பதற்கு ஒரு லேபிள் வேண்டும் என்று டிசைனரைத் தேடி வருகிறார்கள். டிசைனைக் காட்டி அவர்களிடம் உருப்படியான கருத்தை எப்படி வாங்குவது என்று இன்று பேசப்போகிறேன். டிசைன் தொழிலில் இருக்கும் இளைஞர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

ஆளைப் பார்த்ததும் எடை போடும் பழக்கம்தான் இதற்கு முதல் தடை. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். தோற்றத்தை அமைத்துக் கொடுப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நூல் புடவையில், துணிப்பையோடு ஓர் அம்மா உள்ளே வருகிறார். கூடவே அயர்ன் செய்த சட்டையில் மகன். டிசைனரின் கை தானாகவே கம்ப்யூட்டர் திரையை மகன் பக்கம் திருப்பிவிடும். கேள்வியெல்லாம் மகனுக்குப் போகும். பொடியை வறுத்து அரைப்பவர் அந்த அம்மா. எந்தத் தெருவில் யார் வாங்குகிறார்கள், காரம் கூடினால் யார் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கடைசியில் அவர், "நீங்களே பாத்துப் பண்ணுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நேர்மாறாகவும் நடக்கிறது. காரில் வந்து இறங்கி, நுனிநாக்கு ஆங்கிலத்தில் பேசுகிறவர் சொல்வதெல்லாம் உத்தரவாகிவிடுகிறது. பார்கோடை லேபிளின் சிவப்பு நிறத்திலேயே போடுங்கள் என்கிறார். டிசைனர் மறுக்கத் தயங்குகிறார். பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியால் படிப்பவை. அந்த ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்புக் கோடும் ஒன்றாகவே தெரியும் என்பதால், பில் போடும் இடத்தில் பாக்கெட் நின்றுவிடும். லேபிள் முழுவதையும் திரும்ப அச்சடிக்க வேண்டியதுதான்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்தபோது, உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவரே அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். ஒன்றைப் பார்த்து உண்டான எண்ணம் மற்ற எல்லாவற்றின் மேலும் படிந்துவிடுகிறது. இதற்கு அவர் வைத்த பெயர் ஒளிவட்ட விளைவு. நம் மேஜையிலும் நடப்பது இதேதான்.

மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள் என்று சொன்னால் மட்டும் இது போகாது. வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கேள்வித்தாள், ஒரே வரிசை, ஒரே சொற்கள். யார் வாங்குகிறார்கள்? மளிகைக் கடையிலா, சூப்பர் மார்க்கெட்டிலா, போனிலா? பக்கத்தில் எந்தப் பாக்கெட் இருக்கும்? ஒரு மாதத்துக்கு எத்தனை பாக்கெட் போகிறது? பாக்கெட்டில் எண்ணெய்க் கை படுமா, ஃபிரிட்ஜுக்குள் போகுமா? இவற்றுக்குப் பதில் வராமல் டிசைனைத் தொடவே கூடாது. சாதாரண ஸ்டிக்கர், தண்ணீர் பட்டாலும் கிழியாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர், மேட், பளபளப்பு என்று சாம்பிள்களையும் விலைப் பட்டியலையும் எல்லாருக்கும் முழுதாகக் காட்டுங்கள். இவருக்கு இது கட்டுப்படியாகாது என்று நீங்களாகவே ஒன்றை எடுத்து ஒளித்துவைக்காதீர்கள்.

இனி டிசைனைக் காட்டும் நாள். திரையில் காட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்வேன். 3 அங்குல லேபிள் திரையில் ஓரடி அகலத்துக்குத் தெரியும். 6 பாயின்ட் அளவுள்ள பொடி எழுத்தும் அங்கே தெளிவாக இருக்கும். பாக்கெட்டில் ஒட்டினால் எறும்பு மாதிரி. திரையின் கிளிப்பச்சையும் பளீர் ஆரஞ்சும் நாலு வண்ண அச்சில் மங்கிவிடும். எனவே உண்மையான அளவில் பிரின்ட் எடுத்து, வெட்டி, பொடி நிரப்பிய பாக்கெட்டிலேயே ஒட்டிக் காட்டுங்கள். இரண்டு டிசைன் போதும், மிஞ்சினால் மூன்று. ஐந்து காட்டினால், இதிலிருந்து தலை, அதிலிருந்து கால் என்று கேட்பார்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, அதே அளவில் பிரின்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாக்கெட்டை மேஜையில் வைத்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் உங்கள் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வந்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரின்ட், ஒரு பேனா. அதிகம் பேசாதவரிடம் முதலில் கேளுங்கள். முதலாளியோ மூத்தவரோ வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையேதான் சொல்வார்கள்.

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பாக்கெட்டை ஐந்தடி தள்ளி, வேறு நாலு பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து, முதலில் எது கண்ணில் படுகிறது, இது என்ன பொடி என்று எடுக்காமலே தெரிகிறதா, விலை எவ்வளவு இருக்கும் என்று தோன்றுகிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 60 ரூபாய் பொடியைப் பார்த்து 200 ரூபாய் இருக்கும் என்று சொன்னால், அந்தத் தெருவில் அதை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

"பேரைப் பெரிசாப் போடுங்க" என்பார்கள். உடனே பெரிதாக்க வேண்டாம். பெயர் எடுபடவில்லை என்பதுதான் புகார். பின்னணி நிறம் எழுத்தோடு ஒட்டிப் போயிருக்கலாம், சுற்றிலும் நெரிசல் இருக்கலாம். அளவை மாற்றாமல் சுற்றிலும் இடம் விட்டு ஒன்று, பெரிதாக்கி ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "இன்னும் பளிச்சுனு" என்றால் சிலருக்கு நிறம், சிலருக்கு மினுமினுப்பு, சிலருக்குத் தங்க ஜரிகை. சாம்பிளைத் தொட்டுக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் கருத்துக் கேட்கவும் கூடாது. 14 இலக்க உணவு உரிம எண், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறி ஆகியவை விதிப்படி வர வேண்டியவை. பார்கோடின் வழக்கமான அளவு 37.29-க்கு 25.93 மில்லிமீட்டர். 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. வெள்ளையில் கறுப்புதான் நல்லது. இதைப் பணிவாக, உறுதியாகச் சொல்லுங்கள், கார் வைத்திருப்பவரிடமும்.

பிழை பார்க்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். கண்ணாடி எடுத்துவராதவர், சின்ன எழுத்து தெரியாதவர், படிக்கவே தெரியாதவர் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. எல்லாரிடமும் இப்படியே செய்தால் அது வழக்கமாகிவிடும். போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, அந்த நம்பருக்கு அங்கேயே ஒரு கால் போட்டுப் பாருங்கள். எழுத்தைக் கர்வ் செய்து, அதாவது தட்டச்சு எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அச்சகத்துக்கு அனுப்பிய பின் திருத்துவது பெரும்பாடு. எனவே கர்வ் செய்வதற்கு முன் ஒரு முறை, செய்த பின் கொம்பும் காலும் இடம் மாறவில்லையே என்று இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டு சுற்றுத் திருத்தம் கூலிக்குள் அடக்கம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜில் வரும் திருத்தங்களை எழுதி, "நீங்கள் சொன்னது இவைதானே?" என்று திருப்பி அனுப்புங்கள். கடைசி பிரின்டில் தேதியோடு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

முடிந்தால், மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில் 10,000 அடிப்பதற்கு முன், கொஞ்சமாகவும் அடிக்கக்கூடிய டிஜிட்டல் அச்சில் 200 அடித்து இரண்டு கடைகளில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள்: பாக்கெட்டை எடுத்தவர்கள் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், ஏன் திரும்ப வைத்தார்கள்? அந்தப் பதிலை லேபிளுக்காக வந்தவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.