நவம்பர் 7இல் பிறந்த மூவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 7 என்றதும் கமல்ஹாசனின் பிறந்தநாள் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். வரலாற்று ஆர்வலர்கள் 1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சியைச் சொல்வார்கள். அங்கு அப்போது வழக்கிலிருந்த பழைய நாட்காட்டியில் அன்று அக்டோபர் 25 என்பதால் அது அக்டோபர் புரட்சி ஆயிற்று. நான் பேச வந்திருப்பது இந்நாளில் பிறந்த மூன்று அறிவியலாளர்களைப் பற்றி. 1867இல் வார்சாவில் மேரி கியூரி, 1878இல் வியன்னாவில் லிசே மைட்னர், 1888இல் திருச்சிராப்பள்ளியில் சி.வி. இராமன் பிறந்தனர். பிறந்த தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். மூவருக்குமே வழக்கமான கல்விப் பாதை அடைபட்டிருந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காத காலம் அது. அக்காள் புரோன்யா பாரிஸில் மருத்துவம் படிக்கப் பணம் அனுப்புவதற்காக வீட்டு ஆசிரியையாக உழைத்த மேரி, தம் முறை வந்தபோது 1891இல் பாரிஸ் சென்றார். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடந்தராது என்று சென்னையில் மருத்துவர் கூறிவிட, இராமன் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதைப் பௌபஜார் தெரு ஆய்வகத்தில் செலவிட்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928இல் அங்கே கண்டறிந்ததுதான், ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதியின் அலைநீளம் மாறுகிறது என்னும் இராமன் விளைவு.

மைட்னரின் பெயர் நம் பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். 1906இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், மேரி கியூரியின் ஆய்வகத்தில் வாய்ப்புக் கேட்டார், இடமில்லை. மறு ஆண்டு பெர்லின் சென்று வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் சேர்ந்தார். பெண் என்பதால் மாடி ஆய்வகங்களுக்குள் அனுமதி கிடையாது. முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த கீழ்த்தள அறையில், தனி வாசல் வழியாக வந்து பணிபுரிந்தார். கழிவறைக்குக்கூட அருகிலிருந்த உணவகத்துக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது.

முப்பதாண்டு உழைப்புக்குப் பின், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1938 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தப்பிச் செல்ல நேர்ந்தது. அந்த டிசம்பரில் ஸ்வீடனில் இருந்த மைட்னருக்கு ஹான் கடிதம் எழுதினார்: யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது அதைவிட மிக இலேசான தனிமமான பேரியம் கிடைக்கிறது, இதற்கு என்ன விளக்கம்? மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்தபடியே விவாதித்து, ஒரு மரத்தின் அடித்தண்டில் அமர்ந்து, கையிலிருந்த தாள்களில் கணக்கிட்டனர். அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது; குறையும் நிறை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஏறக்குறைய 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலாக வெளிப்படுகிறது. அணுக்கருப் பிளவுக்கு இயற்பியல் விளக்கம் அந்தத் தாள்களில்தான் முதலில் உருப்பெற்றது.

1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே வழங்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் மைட்னருக்கு அப்பரிசு ஒருமுறையும் கிட்டவில்லை. இதை அநீதி என்றே நான் சொல்வேன். அணுகுண்டுத் திட்டத்தில் சேர அழைப்பு வந்தபோது அவர் மறுத்துவிட்டார். தனிம அட்டவணையில் 96ஆம் இடத்திலுள்ள கியூரியம், கியூரி தம்பதியரின் பெயரைத் தாங்குகிறது. 109ஆம் தனிமத்துக்கு மைட்னீரியம் என்ற பெயர் 1997இல் உறுதியாயிற்று. மைட்னர் 1968இலேயே காலமாகிவிட்டார்.

வணக்கம்.