விழுந்தது ஒரு நகரம்தான், மக்கள் அல்ல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய மெக்சிகோ மக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளின் தொடர்ச்சியா, ஸ்பானியப் படையெடுப்புக்குப் பிறகு பிறந்த புதிய இனமா என்பதுதான் தலைப்பு. தொடர்ச்சி என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வலுவான சான்றோடு வந்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். மெக்சிகோ நகரத்தில் திலாதெலோல்கோ என்ற சதுக்கம். அங்கே ஸ்பானியருக்கு முன் ஆண்ட அஸ்டெக்குகளின் கோயில் இடிபாடு, அந்தக் கல்லையே பெயர்த்துக் கட்டிய தேவாலயம், சுற்றிலும் இந்தக் காலத்து அடுக்குமாடிகள், நடுவில் ஒரு கல்வெட்டு. 1521 ஆகஸ்ட் 13 அன்று அஸ்டெக் அரசர் குவாத்தெமோக் வீரத்தோடு காத்து நின்ற இந்த இடம் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸ் கையில் விழுந்தது, அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இன்றைய மெக்சிகோவாக இருக்கும் கலப்பின மக்களின் வலி மிகுந்த பிறப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. "அரசாங்கமே கல்லில் வெட்டி வைத்துவிட்டது, அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்டார்.

பேச்சு இருக்கிறது ஐயா. அந்தக் கல் 20-ஆம் நூற்றாண்டு அரசு வைத்தது. அதே சதுக்கத்தில் 1968 அக்டோபர் 2 அன்று ராணுவம் மாணவர்களைச் சுட்டுக் கொன்றது, அதற்கு ஒரு நினைவுக்கல் வைக்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, எந்தக் கல் எப்போது நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று பார்க்காமல் கல்லை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சரி, 1521-க்கே வருவோம். கோர்தேஸ் 1519-இல் கரை இறங்கியபோது அவரோடு வந்த வீரர்கள் சுமார் 500 பேர். ஏரிக்கு நடுவே நின்ற அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் அன்றைய உலகின் பெரிய நகரங்களில் ஒன்று. 500 பேரால் அதை வீழ்த்த முடியுமா? முற்றுகையில் நின்ற பெரும்படை திலாஸ்காலா போன்ற ஊர்களிலிருந்து வந்த பூர்வகுடிகள்தான், அஸ்டெக் அரசோடு தலைமுறை தலைமுறையாகப் பகைகொண்டிருந்தவர்கள். அதற்குள் 1520-இல் பெரியம்மை வந்து, புதிதாக அரசரான குயித்லாவாக்கையே சில மாதங்களில் கொண்டுபோய்விட்டது. அதாவது அன்று விழுந்தது ஒரு நகரம், ஒரு பேரரசு. சபோதெக்குகள், மாயாக்கள், மிஷ்தெக்குகள் போன்ற மற்றப் பூர்வகுடிகள் அந்த நகரத்தின் குடிகளே அல்ல. மாயாக்களின் கடைசி அரசுகளில் ஒன்று குவாத்தமாலாக் காட்டில் 1697 வரை தாக்குப்பிடித்தது. திலாஸ்காலாக்காரர்களோ தாங்கள் தோற்றதாகவே நினைக்கவில்லை, வென்ற பக்கம் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய ஊர்மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் 16-ஆம் நூற்றாண்டில், அஸ்டெக்குகளும் பேசிய நாவாத் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன, ரோமன் எழுத்தைக் கற்றுக்கொண்டு அதில் தங்கள் மொழியை எழுதினார்கள். உயில், நிலப் பத்திரம், வழக்கு மனு என்று இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எழுத்து ஓடியது. முடிந்துபோன மக்கள் உயில் எழுதுவார்களா?

அடுத்ததாக, கலப்பு. கலப்பு நடந்ததை எங்கள் அணி மறுக்கவில்லை. ஸ்பானியர் வந்தார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களும் வந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களை மெக்சிகோ அரசியலமைப்பு பெயர் சொல்லி ஏற்றதே 2019-இல்தான். ஆனால் கலப்பது என்பதையே ஸ்பெயின்தான் கற்றுக்கொடுத்தது என்பதுபோல எதிரணி பேசியது எனக்கு ஏற்கவே முடியாதது. கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் தழைத்த தெயோதிவாக்கானில், சூரியப் பிரமிடு நிற்கும் அதே நகரத்தில், ஓவஹாக்கா பகுதியிலிருந்து வந்த சபோதெக்குகளுக்கென்று ஒரு தனிக் குடியிருப்பே இருந்தது. அவர்கள் தங்கள் வழக்கப்படி கல்லறை கட்டி, தங்கள் பாணியில் பானை வனைந்து தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். அந்த நகரம் பாழான பல நூற்றாண்டுகள் கழித்து வந்த அஸ்டெக்குகள் அதைத் தெய்வங்கள் பிறந்த இடமாக வணங்கினார்கள். வேறு வேறு மக்கள் வருவதும் சேர்வதும் முந்தையவர்களின் மரபைத் தமதாக்குவதும் அந்த மண்ணில் ஓல்மெக் என்ற மிகப் பழைய நாகரிகத்தின் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஸ்பானியர் அந்த நீண்ட வரிசையில் ஒருவர். கொடுமையான ஒருவர், ஏனென்றால் அவர்கள் வந்த நூறு ஆண்டுக்குள் நோயாலும் சுரங்க வேலையாலும் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். அந்தச் சாவுகளையெல்லாம் ஒரு "பிறப்பு" என்று எழுதியிருப்பதுதான் அந்தக் கல்வெட்டில் எனக்கு உறுத்துகிறது.

இனி அடுப்படிக்கு வாருங்கள், என் முக்கியமான சான்று அங்கேதான் இருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னால் தெற்கு மெக்சிகோவில் தெயோசிந்தே என்ற ஒரு புல்லைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து மக்காச்சோளமாக ஆக்கினார்கள். அந்தப் புல்லின் கதிரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மணி, ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். அதிலிருந்து கை நிறையும் கதிரைக் கொண்டுவந்தது பெயர் தெரியாத உழவர்கள். அப்புறம் அதைச் சமைக்கும் முறை. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் கையால் தேய்த்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும், தண்ணீர் மஞ்சளாகிவிடும். கழுவிய மணியை மூன்று கால் வைத்த எரிமலைக் கல் அம்மியில், முழங்காலிட்டு அமர்ந்து இரு கையாலும் குழவியைத் தள்ளி அரைப்பார்கள். அந்த மாவில்தான் தோர்த்தியா என்ற ரொட்டி. இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர், இந்த முறைக்கு வயது 3,000 ஆண்டுக்கும் மேல். சோளத்திலுள்ள நியாசின் சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும்.

ஸ்பானியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த முறையை விட்டுவிட்டார்கள். விளைவு? சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் 18-ஆம் நூற்றாண்டிலும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்தச் சத்துக் குறைவால் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மெக்சிகோ கிராமத்துப் பெண்களின் கையில் அதற்கான மருந்து காலங்காலமாக இருந்தது. இன்றைக்கு மாவு ஆலையில் அரைத்தாலும் அதே சுண்ணாம்பு, அதே ஊறல். பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் மூன்று வேளையும் தட்டில் இருப்பது இதுதான். 1521-இல் பிறந்த ஒரு மக்களுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எதிரணி விளக்க வேண்டும். நம் சாம்பாரில் கிடக்கும் மிளகாயும் தக்காளியும்கூட அந்த மக்கள் பயிராக்கியவைதான்.

மதம் மாறிவிட்டதே என்றார் நண்பர். மாறியது. ஆனால் குவாதலூப்பே மாதாவின் கோயில் இருக்கும் தெப்பெயாக் குன்றுக்கு மக்கள் வெகு தூரத்திலிருந்து நடந்து வந்து, தங்கள் பழைய தாய்த் தெய்வமான தோனான்சின் பெயரையே சொல்லி வணங்குகிறார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே சாகுன் என்ற ஸ்பானியத் துறவி குறைபட்டு எழுதினார். 1790-இல் நகரச் சதுக்கத்தைத் தோண்டியபோது கொவாத்லிக்குயே தேவியின் பெரிய சிலை கிடைத்தது. அதைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் வைத்தால், மக்கள் மெழுகுவர்த்தியோடு வணங்க வந்துவிட்டார்கள். பயந்துபோய் அதை மறுபடி மண்ணில் புதைத்தார்கள். 1790 நடுவர் அவர்களே, நகரம் விழுந்து 269 ஆண்டுகள் ஆன பிறகு!

அரசியலுக்கு வருகிறேன், நேரம் குறைவு. 1858 முதல் நாட்டை வழிநடத்தி, பிரெஞ்சுப் படை கொண்டுவந்து உட்கார வைத்த பேரரசர் மாக்சிமிலியனை 1867-இல் வீழ்த்திய பெனிட்டோ ஹுவாரெஸ் ஒரு சபோதெக், பன்னிரண்டு வயது வாக்கில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவருக்கு ஸ்பானியம் சரியாகத் தெரியாது. அவருடைய அணியின் நிலச் சட்டங்களால் பூர்வகுடி ஊர்களின் பொதுநிலம் போனது என்று நீங்கள் எழுந்து சொல்வீர்கள், அது உண்மைதான். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு எழுந்தவர்களும் அந்த ஊர்களேதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1909-இல் மோரெலோஸ் மாநிலத்தின் அனெனெகுயில்கோ என்ற சின்ன ஊர், கரும்புப் பண்ணைகள் விழுங்கிக்கொண்டிருந்த தன் நிலத்தை மீட்க எமிலியானோ சபாட்டாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. முதியவர்கள் அவர் கையில் கொடுத்தது காலனிக் காலத்து நிலப் பத்திரங்களையும் வரைபடங்களையும். 1910 மெக்சிகோ புரட்சிக்கு ஓராண்டு முன்பே அந்தக் காகிதங்களைத்தான் அவர் உட்கார்ந்து படித்தார். 1918-இல் நாவாத் மொழியில் அறிக்கையும் விட்டார். 1917 அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு ஊர்களுக்கு நிலம் என்று எழுதியதற்குப் பின்னால் இந்த ஊர்களின் ரத்தம் இருக்கிறது.

1992-இல் ஊர்நிலத்துக்கு இருந்த பாதுகாப்பைத் தளர்த்தி அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 1994 ஜனவரி 1 அன்று, வடஅமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே, தெற்கு மாநிலமான சியாபாஸில் மாயா மொழிகள் பேசும் உழவர்கள் சபாட்டாவின் பெயரால் ஆயுதம் எடுத்தார்கள். நாங்கள் 500 ஆண்டுப் போராட்டத்தின் விளைவு என்றுதான் அவர்களுடைய முதல் அறிக்கையே தொடங்கியது.

கடைசியாக, பெரும்பாலோர் ஸ்பானியம்தானே பேசுகிறார்கள் என்ற வாதம். 2020 கணக்கெடுப்பில் பூர்வகுடி மொழி பேசுவோர் சுமார் 73 லட்சம். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்துத் தண்டித்து மொழியை ஒடுக்கிய பிறகும் மிஞ்சிய கணக்கு இது. அதே கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடி என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 2 கோடியே 32 லட்சம், மொழி பேசுவோரைப் போல மூன்று மடங்கு. மொழி கையைவிட்டுப் போன பிறகும் "நான் இந்த மண்ணின் பழைய குடி" என்று பதில் சொன்ன இத்தனை பேரை எதிரணி எந்தக் கணக்கில் வைக்கிறது என்பதை அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், நன்றி.