விமானத்தை விடக் கோச்சுக்குக் காசு அதிகம்! ஒரே நாளில் போலந்தின் பிட்கோஷ்ச்

வணக்கம் மக்களே! முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. லண்டனிலிருந்து போலந்துக்குப் போய் வர விமானத்துக்குக் கொடுத்தது 29 பவுண்டு. வீட்டிலிருந்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் போய் வர கோச்சுக்கு, அதாவது தொலைதூரப் பேருந்துக்கு, கொடுத்தது 34 பவுண்டு! கடலைத் தாண்ட ஆகிற செலவை விட எசெக்ஸைத் தாண்டச் செலவு அதிகம். அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு, ஹீட்டர் போடாத வண்டியில். முதல் நாள் பார்த்தபோது ஒரு வழிக்கு 11 என்று காட்டியது, மறுநாள் பணம் கட்டப் போனால் 17. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இது அநியாயம், அவ்வளவுதான்.

சரி, பிட்கோஷ்ச். மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிற ஊர், ஆனால் நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாரும் போலந்தின் பிரபல சுற்றுலா ஊரான கிராக்கோவ் போ, கிராக்கோவ் போ என்கிறீர்கள். எனக்கும் கிராக்கோவ் பிடிக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே நாளில் என்ன பார்க்க முடியும்? ஒரு நாள் பயணத்துக்கு டிக்கெட் விலையை விட, இறங்கியபின் ஊர் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். தலைநகர் வார்சாவுக்கு என்று மோட்லின் விமான நிலையத்தில் இறங்கினால் நகரம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. இங்கே விமான நிலையமே ஊர் எல்லையில்தான். 80-ஆம் எண் பேருந்து, ஒரு பவுண்டை ஒட்டித்தான் டிக்கெட், அரை மணிக்குள் ஊருக்குள் நிற்கிறீர்கள். காலை வேளை முழுசாகக் கையில் கிடைக்கிறது.

ஊர் நடுவே ப்ர்டா என்று ஓர் ஆறு. கரையில் மரச்சட்டம் போட்ட பழைய தானியக் கிடங்குகள் மூன்று நிற்கின்றன, அதுதான் ஊரின் அடையாளம். அதற்குப் பக்கத்தில் பாருங்கள், கம்பியில் ஒரு பையன் ஆற்றைக் கடக்கிறான்! யெஜி கெஞ்ஜோரா செய்த சிலை. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அதே நாளில், 2004 மே 1 அன்று வைத்தது. ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழே இருக்கிற மாதிரி செய்திருப்பதால் காற்றில் ஆடுகிறான், விழுவதில்லை. பாலத்தில் நின்று ரொம்ப நேரம் படம் எடுத்தேன், அசையும்போது உண்மையான ஆள் மாதிரியே இருக்கிறது.

அப்புறம் சோப்பு அருங்காட்சியகம். சோப்பு வரலாறும் அழுக்கு வரலாறும் சேர்ந்த ஒரு மியூசியம், 2012-இல் திறந்தது. நாமே சோப்பு செய்து எடுத்து வரலாம். உருக்கிய சோப்பை ஊற்றி, நிறம் சேர்த்து, வாசனை நாமே கலக்க வேண்டும். நான் லாவெண்டர் போட்டேன், பச்சை நிறம். கட்டி சோப்பு என்பதால் கைப்பையிலேயே வரும், திரவக் கட்டுப்பாடு இதற்குக் கிடையாது.

ஆனால் அங்கே சோப்பு இறுகிக்கொண்டிருக்கும்போது என் கண் முழுக்கக் கடிகாரத்தில்தான். ஏன் தெரியுமா? பழைய சந்தைச் சதுக்கத்தில், 15-ஆம் எண் வீட்டு ஜன்னலில், தினமும் 13:13-க்கு ட்வர்தோவ்ஸ்கி பொம்மை உருவமாக வருவார். சாத்தானிடம் ஆன்மாவை விற்ற மந்திரவாதி, போலந்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை. மியூசியத்திலிருந்து வெளியே வரும்போது 13:06! ஓடினேன் மக்களே. கல் பாவிய தெரு, ஒரு கையில் கேமரா, ஒரு கையில் சூடு ஆறாத சோப்பு. 13:11-க்குச் சதுக்கத்தில் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். ஜன்னல் திறந்தது, பயமுறுத்தும் இசை, புகை, அவர் வந்து நின்று ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்! பேரன் கத்திவிட்டான், நானும் கத்தினேன். கொஞ்ச நேரம்தான், காசு கிடையாது, அன்றைக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. மதியம் தவறினால் இரவு 21:13-க்கு மறுபடி வருவார்.

ஐயோ, ரெயெவ்ஸ்கியை விட்டுவிட்டேன்! காலையிலேயே பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த இடமான பிளெட்ச்லி பார்க் பற்றிய என் பழைய வீடியோவில், ஜெர்மானியர்களின் சங்கேத இயந்திரமான எனிக்மா பற்றி நிறையப் பேசினேன் இல்லையா? அந்த இயந்திரத்தின் உள் கம்பி அமைப்பை 1932 இறுதியிலேயே கணிதத்தால் கண்டுபிடித்தவர் மரியான் ரெயெவ்ஸ்கி. 1905-இல் இதே பிட்கோஷ்ச்சில் பிறந்தவர். 1939 ஜூலையில் போலந்துக்காரர்கள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இந்த ரகசியத்தைக் கொடுத்த பிறகுதான் பிளெட்ச்லி வேகம் பிடித்தது. போருக்குப் பின் இந்த ஊருக்கே திரும்பி, கணக்கு வேலை பார்த்து, பல வருடம் வாயே திறக்கவில்லை. அவர் சிலை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் எனிக்மா. நாமும் உட்காரலாம். இங்கிலாந்தில் இவர் பெயரை எவ்வளவு குறைவாகச் சொல்கிறோம் என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

சாப்பாடு பார் ம்லெச்னியில், மலிவான உணவகம் அது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்த பியெரோகி, நம் கொழுக்கட்டை மாதிரி, 19 ஸ்வோட்டி (போலந்துப் பணம்), பீட்ரூட் சூப் 7, பழத்தை வேகவைத்த பானமான கொம்பொட் 5. ஆக 31 ஸ்வோட்டி, ஆறரை பவுண்டு கூட இல்லை! சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவுவார்கள். “பெஸ் ஸ்க்வரேக்” என்று முன்னாடியே சொல்லுங்கள். கொம்பொட் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே இனிப்பு.

தண்ணீர் பாட்டில் வாங்கினால் வைப்புத்தொகைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து அப்படிப்பட்ட பாட்டிலுக்கு 50 குரோஷ், அதாவது அரை ஸ்வோட்டி, கூடுதலாக வாங்குகிறார்கள், பெரிய கடையில் காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். நான் அந்தக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஒரே நாளுக்கும் ஷெங்கன் விசா (போலந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், பிரிட்டன் விசா உதவாது. காலையில் போய் இரவில் திரும்புகிற மாதிரி விமானம் எல்லாக் கிழமையும் அமையாது, அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கோடையில் ஆற்றில் சூரிய சக்திப் படகு விடுகிறார்கள், அதற்காகவே ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.