பணம் வாங்கிய பிறகு விலை தப்பு என்றால்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திரளாக வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இணையக் கடை தவறான விலையைப் போட்டு விற்றுவிட்டால் அந்த நட்டம் யாருடையது? இதுதான் இன்றைய வழக்கு. கடையுடையதுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ஒரு பூஜ்யம் விட்டுப்போனதற்காக ஒரு வியாபாரியை மாட்டிவிடுவீர்களா, மனிதன் என்றால் தவறு வராதா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். வரும் ஐயா, தவறு வரும். அதை யார் சுமப்பது என்பதில்தான் எனக்கு அவரோடு வழக்கு.

என் மதினி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனை. கடைவீதியில் 16,990 ரூபாய்க்கு விற்கிற வாஷிங் மெஷின் ஓர் இணையக் கடையில் 11,990. பண்டிகைத் தள்ளுபடியில் ஐயாயிரம் குறைவது நம்பக்கூடியதுதானே? சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். "உங்கள் ஆர்டர் உறுதியானது, வியாழக்கிழமை வந்து சேரும்" என்று செய்தி வந்தது. புதுசை வைக்க இடம் வேண்டுமே என்று, தட்டித் தடவி ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷினைக் காயலான் கடைக்காரரிடம் 800 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். புதன்கிழமை ராத்திரி இன்னொரு செய்தி: "தவிர்க்க முடியாத காரணத்தால் ஆர்டர் ரத்து." போன் போட்டால், "விலை தவறாகப் பதிவாகிவிட்டது மேடம், எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது" என்கிறார்கள். பணம் திரும்பி வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் ரெண்டு பிள்ளைகளின் யூனிஃபார்மைக் கொல்லைப்புறக் கல்லில் கும்மிக் கும்மி, பண்டிகை அன்று மதினிக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அந்த "விதிமுறை" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். நாம் தெரியாமல் அளவு மாற்றி ஆர்டர் போட்டால், "இந்தப் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்று ஒரு வரி காட்டுவார்கள். அவர்கள் தெரியாமல் விலை மாற்றிப் போட்டால், "ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு" என்று இன்னொரு வரி காட்டுவார்கள். இரண்டு வரியையும் எழுதியவர் ஒருவரே. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைப் பார்த்துத்தான், தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று எழுதி வைப்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. 2020இல் வந்த மின் வணிக விதிகளும் அப்படியே. உறுதியான ஆர்டரை வாடிக்கையாளர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்க வேண்டுமா? அப்படியானால் கடை தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைக் கடையும் ஏற்க வேண்டும். சட்டமே தராசை நேராகப் பிடிக்கச் சொல்கிறது.

எதிரணித் தலைவர் சிங்கப்பூர் வழக்கை எடுத்துவைத்தார். 3,854 டாலர் லேசர் பிரிண்டர், 2003 ஜனவரியில் ஒரு தளத்தில் 66 டாலர் என்று பதிவாகிவிட்டது. ஊழியர் பயிற்சிக்காகப் போட்ட விலை தவறுதலாகத் தளத்தில் ஏறிவிட்டது. வழக்குப் போட்ட ஆறு பேரும் சேர்ந்து கேட்டது 1,606 பிரிண்டர். தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று 2004இல் ஒரு தீர்ப்பு, மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நானும் சொல்கிறேன். நடுராத்திரியில் தவறைக் கண்டுபிடித்து நூற்றுக்கணக்கில் அள்ளுகிறவருக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த ஆறு பேரை வைத்து என் மதினியை அளக்காதீர்கள். அவர் கேட்டது ஒரே ஒரு மெஷின், நம்பத்தகுந்த விலையில், வீட்டு உபயோகத்துக்கு. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872இல் எழுதியது. அதன் 22ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் உண்மை விவரத்தில் தவறிவிட்டது என்ற காரணத்துக்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதியவர்களுக்கு இந்த நியாயம் தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஒடிசா வழக்கு. 2014இல் ஒரு சட்ட மாணவர், 23,499 ரூபாய் லேப்டாப் அமேசானில் 190 ரூபாய் என்று இருக்கக் கண்டு ஆர்டர் போட்டார். ஆர்டர் உறுதியானது, பிறகு ரத்தானது. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும், 2021இல் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் மன உளைச்சலுக்கு 30,000, தண்டனையாக 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆறு வருடத்துக்கு மேல் விடாமல் நின்றார் அந்த மாணவர். எத்தனை பேரால் நிற்க முடியும்? மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, சொந்த ஊரிலேயே போடலாம். இருந்தாலும் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு யார் நடப்பார்? யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கு கடைக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாத் தவறான விலையும் வேண்டுமென்றே போட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவருக்கு எது தவறு, எது தூண்டில் என்று எப்படித் தெரியும்? விற்கும் எண்ணமில்லாத மலிவு விலையை விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. செலவே இல்லாமல் ரத்து செய்யலாம் என்று விட்டுவிட்டால், தூண்டில் போடுகிறவருக்கும் நிஜமாகத் தவறியவருக்கும் ஒரே சாக்கு கிடைத்துவிடும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி கடை உண்டு. புதுசாகச் சேர்ந்த பையன் ஒருநாள் நல்லெண்ணெய்க்குப் பழைய விலையைச் சொல்லிக் காசும் வாங்கிப் போட்டுவிட்டான். நான் படியிறங்கும்போதுதான் அண்ணாச்சி கவனித்தார். "பையன் சொல்லிட்டான்ல, கொண்டு போங்க தம்பி. அடுத்த தடவை இருபது ரூவா கூட" என்றார். பிறகு அட்டையில் புது விலையை எழுதிப் பையன் கண்ணுக்கு நேரே ஒட்டினார். நட்டம் தன்னுடையது என்பதால்தான் அந்த அட்டை அன்றைக்கே ஒட்டப்பட்டது.

கடைசியாக, எதிரணித் தங்கை கேட்டது என்னைத் தைத்தது. "பெரிய கம்பெனியை விடுங்கள் அண்ணா, அதே தளத்தில் திருப்பூரிலிருந்து பனியன் விற்கிற ஒரு பெண், 499க்குப் பதில் 49 என்று தட்டிவிட்டால் அவள் கதி என்ன?" நியாயமான கவலை. 2014 டிசம்பரில் பிரிட்டனில் இப்படியே நடந்தது. விலையைத் தானாக மாற்றும் ஒரு மென்பொருள் கோளாறாகி, அமேசானில் விற்ற சிறு வியாபாரிகளின் பொருள்கள் ஒரு மணி நேரம் முழுக்க ஆளுக்கொரு பென்னிக்கு, அதாவது அந்த ஊர்ப் பைசாவுக்குப் போயின. அந்தப் பெண்ணுக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் விலை ஒரே நொடியில் பத்தில் ஒரு பங்காக இறங்கும்போது, "நிஜமாகவா?" என்று நிறுத்திக் கேட்கிற வசதியை யார் வைக்க முடியும்? தளத்தை நடத்துகிறவர்தான். ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுப்பவரும் அவர்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டவரிடம் அந்தப் பெண் நட்டத்தைக் கேட்கட்டும், கூட நானும் வருகிறேன். திருப்பூர்ப் பெண்ணையும் என் மதினியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுத் தளத்தை நடத்துகிறவர் மட்டும் ஒதுங்கிக்கொள்ள விடாதீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.