வரவுக்கு ஒரு சுழி

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

என் கையில் இருப்பது எங்கள் ஐயா பர்மாவில், ரங்கூன் கடையில் எழுதிய பேரேடு. ஒரு பக்கத்தின் தலைப்பை இந்தப் பலகையில் அப்படியே எழுதுகிறேன். "பவ ௵ தை ௴ ௰௨ ௳". அதற்குக் கீழே "௷ ௹ ௱௨௰௫".

முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். சரி, நானே வாசிக்கிறேன். பவ வருடம் தை மாதம் பன்னிரண்டாம் நாள், வரவு ரூபாய் நூற்றிருபத்தைந்து. இங்கிலீஷ் கணக்கில் 1935 ஜனவரிக் கடைசி. வருடம், மாதம், நாள், வரவு, ரூபாய் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சுழி. பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸. ரூபாய்ச் சுழியை உற்றுப் பாருங்கள், உள்ளே "ரூ" தெரியும். பெட்டியடியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு தடவை ஒரே சொல்லை எழுதுகிற கை, அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரே இழுப்பில் முடித்துவிடும். இது நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதில்லை, தமிழ்நாடெங்கும் கணக்கெழுதியவர்கள் இப்படித்தான் எழுதினார்கள். ஆனால் கடல் தாண்டிப் போன கணக்கு நம் கணக்கு.

எழுத்துகளைத் தானாக வளர்ந்தவை, ஒருவர் உட்கார்ந்து ஆக்கியவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தானாக என்று ஒன்று உண்டா? ஈராக்கில் உருக் என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்கே கிடைத்த 5,000 ஆண்டுக்கு முந்தைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள். இத்தனை படி வாற்கோதுமை, இத்தனை ஆடு. பாட்டும் கதையும் வெகுகாலம் கழித்துத்தான் வந்தன. கணக்கு எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாததால் அதைத் தானாக வளர்ந்தது என்கிறோம். அங்கேயும் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுதும் பொருளும் எழுத்தின் உருவத்தை மாற்றும். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழியும், அதனால் வளைத்தார்கள். அழுத்திப் புள்ளி வைத்தால் பொத்துக்கொள்ளும், அதனால் புள்ளியையே விட்டுவிட்டு, இடம் பார்த்துப் படித்தார்கள். பர்மிய எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி வட்டவட்டமாக இருப்பதும் ஓலையால்தான். அதற்கும் நம் எழுத்துக்கும் மூலம் ஒன்றுதான், பிராமி என்ற பழைய இந்திய எழுத்து. நம் முன்னோர்கள் ரங்கூன் தெருவில் தங்கள் எழுத்தின் பங்காளியைத்தான் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள்! அந்தப் பிராமியைப் பார்க்க நாம் கப்பல் ஏற வேண்டியதில்லை. குன்றக்குடி மலைக்குகையில் இருக்கிறது. அது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தாக மாறிக்கொண்டிருந்த நிலையைப் பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பார்க்கலாம்.

அப்புறம், பெயர் தெரிந்தவர்கள் ஆக்கிய எழுத்துகள். கொரியாவில் செஜோங் மன்னர் 1443இல் 28 எழுத்துகளை ஆக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்தார். சீன எழுத்தைச் சாதாரண மக்களால் கற்க முடியவில்லை என்பதுதான் அவர் மனத்தை அறுத்தது. அரசவை அறிஞர்கள் சிலர் மனுக் கொடுத்து எதிர்த்தார்கள், அவர் விடவில்லை. இப்போது எல்லோரும் ஒரு தடவை "க" என்று சொல்லுங்கள். நாக்கின் அடிப்பக்கம் எழும்பி அண்ணத்தைத் தொடுகிறதா? அந்த நாக்கின் உருவம்தான் கொரியக் ககரம். மேலே ஒரு படுக்கைக்கோடு, அதன் வலது ஓரத்திலிருந்து கீழே ஒரு கோடு. ககரம் பிறக்கும் இடத்தை நம் தொல்காப்பியப் பிறப்பியலும் இதே மாதிரிதான் சொல்கிறது. நாம் இலக்கணமாக வைத்திருந்ததை அவர் வரிவடிவமாகவே வரைந்துவிட்டார். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் செக்வோயா என்று ஒருவர், செரோக்கி இனத்தவர், வெள்ளி வேலை செய்தவர். எந்த மொழியிலும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவதைக் கண்டு, தன் மொழிக்கும் அது வேண்டும் என்று இறங்கினார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. பிறகு நம் உயிர்மெய் போல ஓசைக்கு ஒரு குறி. பல வருட உழைப்பு, 1821இல் முடிந்தது. முதலில் கற்றுக்கொண்டது அவருடைய சின்ன மகள். 1828இல் அந்த எழுத்தில் பத்திரிகையே வந்துவிட்டது. நம் நாட்டிலும் ரகுநாத் முர்மு 1925இல் சந்தாலி மொழிக்கு ஒல் சிக்கி எழுத்தை ஆக்கினார். இன்று பிள்ளைகள் அதில் பாடம் படிக்கிறார்கள்.

நம் கணக்குச் சுழிகளுக்கு வருகிறேன். அவை 2003இல் யூனிகோடில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் பட்டியலில், சேர்ந்தன. முந்திரி, காணி, மா என்ற பின்னக்குறிகள் 2019இல் சேர்ந்தன. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கம்ப்யூட்டரில் இடம் கிடைத்துவிட்டது, வாசிக்கத் தெரிந்த கண்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன. போன வருடம் ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரு சாக்குப் பேரேடுகளைத் தராசில் பார்த்தேன். யார் வீட்டுக் கணக்கோ! வயிறு எரிந்தது. வீட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறோம், ஏட்டை எடைக்குப் போடுகிறோம். வேண்டாம். முதலில் ஒரு பக்கமாவது போனில் படம் பிடித்து, தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் நான் எழுதியதை விரலால் காற்றில் எழுதிக்கொண்டே இருக்கிறார், முதலிலிருந்தே பார்க்கிறேன். நீங்கள் மேலே வாருங்கள். தம்பிகளே, நாற்காலி போடுங்கள். அடுத்த பக்கத்தை அவர் வாசிக்கட்டும்.