முகவரி ஒன்று, வரிக்கணக்கு இரண்டு

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்காக ஜெர்மனியில் குடியேறும் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் அன்றாடம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மொழி தெரியாததுதான் பெரிய சிக்கல் என்று பலரும் நினைப்பார்கள். அதைவிடக் காகிதங்களின் வரிசைதான் ஆளைப் படுத்தி எடுக்கும்.

அமெரிக்கர்கள் விசா இல்லாமலே ஜெர்மனிக்குள் வந்து இறங்கி, 90 நாளுக்குள் அங்கேயே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். உலகில் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் சலுகை அதோடு சரி. வீடு குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது. இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்றும் வேண்டும். பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதைக் கம்பெனியிடம் கொடுக்காமல் இழுத்தடித்தால், சம்பளத்தில் இருப்பதிலேயே அதிக விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

அந்தத் தபால் வந்து சேராமல் போவதற்குக் காரணம் பல நேரம் அற்பமாக இருக்கும். ஜெர்மன் முகவரிகளில் ஃபிளாட் எண் பெரும்பாலும் கிடையாது; தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கணவன், மனைவி குடும்பப் பெயர் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் ஒட்டுங்கள்.

இன்னொரு கடிதமும் வரும், அது தவறவே தவறாது. பொது வானொலி, தொலைக்காட்சிக்கு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. எங்களிடம் வானொலிப் பெட்டியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வீடு இருந்தாலே கட்டணம் உண்டு. வானொலியில் உட்கார்ந்து பேசும் எனக்கு இதைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

வாடகை வீட்டில் சமையலறை என்ற பெயரில் பல நேரம் வெறும் அறைதான் இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயின் முனை, அடுப்புக்கான மின் இணைப்பு, கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு மூன்று கம்பி. முந்தைய குடித்தனக்காரர் தம் சமையலறையை விற்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. முன்பணமாக, சூடேற்றும் செலவு முதலியவை சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் சட்டப்படி கேட்கக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம்.

அமெரிக்காவிலிருந்து மின்சாதனங்களைக் கப்பலேற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜெர்மனியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். தலைமுடி உலர்த்தும் 1500 வாட் கருவிக்கு அதைவிடப் பெரிய மின்மாற்றி வேண்டும். கிலோக்கணக்கில் கனக்கும் அதை வாங்கும் காசுக்குப் புதுக் கருவியே வாங்கிவிடலாம். மேலும் அந்த மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மின்னோட்டத்தின் அதிர்வை வைத்து ஓடும் அமெரிக்கக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

பிள்ளைகள் கேட்கும் சாக்லேட் சிப் குக்கீயிலும் இதே கதைதான். அமெரிக்கக் குறிப்பில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்றால் 113 கிராம். ஜெர்மன் பாக்கெட் 250 கிராம். இரண்டு ஸ்டிக்தானே என்று முழுப் பாக்கெட்டையும் போட்டால் இருபது கிராமுக்கு மேல் கூடிவிடும், மாவு தட்டில் பரவி ஓடும். மைதாவில் 405 எண் கேக்குக்கு ஏற்றது. குக்கீக்கு 550 வாங்குங்கள். பழுப்புச் சர்க்கரை என்று விற்பது பெரும்பாலும் ஈரமில்லாத மணல் போன்றது. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி வெல்லப்பாகு கலந்து விரலால் பிசைந்தால் அமெரிக்கப் பதம் வரும். அடுப்பு 350 பாரன்ஹீட் என்றால் 175 செல்சியஸ். விசிறி ஓடும் அடுப்பில் 20 டிகிரி குறையுங்கள். இதையெல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஞாயிறன்று கடை இருக்காது.

இனி வரி. அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே வசித்தாலும் வரிக்கணக்குக் கேட்கும். அமெரிக்காவில் பிறந்து இன்று கோவையிலோ மதுரையிலோ வளரும் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் கிடைக்கும். ஆனால் பாக்கி வரி இருந்தால் ஏப்ரல் 15 முதலே வட்டி ஓடும். 2555 படிவத்தில் 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரையிலான வெளிநாட்டு உழைப்பு வருமானத்துக்கு விலக்குப் பெறலாம். பார்க்கச் சுலபமாக இருப்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பம் அவசரப்படக்கூடாது: 2555 போட்டால் பிள்ளைகளுக்கான வரிச் சலுகையில் ரொக்கமாகத் திரும்பி வரும் பகுதி கிடைக்காது. ஜெர்மனியில் வரி அதிகம் என்பதால், அங்கே கட்டியதை 1116 படிவத்தில் கழித்துக்கொள்வதே பல குடும்பங்களுக்கு லாபம்.

இதோடு தனியாக வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்றும் உண்டு. எல்லா வெளிநாட்டுக் கணக்கும் சேர்ந்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் போதும், அதை இணையவழி தாக்கல் செய்தாக வேண்டும். கூட்டுக் கணக்கு, பிள்ளையின் சேமிப்புக் கணக்கு, உங்கள் பெயரில் வீட்டு முன்பணத்துக்காகத் திறந்த கணக்கு எல்லாமே கூட்டலில் சேரும். ஜெர்மன் வங்கி அன்போடு நீட்டும் மியூச்சுவல் ஃபண்டை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்கச் சட்டம் அதற்குத் தனி வரி விதியும் தனிப் படிவமும் வைத்திருக்கிறது, கணக்காளர் கூலியே லாபத்தைத் தின்றுவிடும்.

கடைசியாகப் பாஸ்போர்ட். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அமெரிக்கப் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். புதிதாக எடுக்கப் பிள்ளையோடு பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவரால் முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் தேவை. பிள்ளைக்கு ஜெர்மன் பாஸ்போர்ட்டும் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்குள் நுழைய அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வேண்டும். ஆகவே பாட்டி வீட்டுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.