பல்புக்கு ஒரு தொப்பி

வணக்கம் நேயர்களே. இருட்டைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். கோயில், கடை, ஹோட்டல், கல்யாண வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வெளிச்சம் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிறவன். அதனால் இன்று நான் குறை சொல்வதில் பாதி என் கைவேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரன்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் ஒரு ராத்திரி. மழை இல்லை, பனியும் இறங்கவில்லை. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், அம்மா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் மேற்கே கார்த்திகை கொத்தாக இறங்கிக்கொண்டிருக்கிறது, தெற்கே மலை விளிம்புக்கு மேலே அகத்தியர் நட்சத்திரம், நடுவில் எனக்குப் பெயர் தெரியாதவை எத்தனையோ. "இதெல்லாம் இவ்வளவு நாளா எங்கம்மா இருந்துச்சு?" என்றேன். விடிவெள்ளியைப் பார்த்து, தோட்டத்தில் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குக் கிளம்பிப் பழகிய மனுஷி அவர். "அது அங்கேயேதான் இருக்கு. நீ போடுற லைட்டுதான் மறைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது.

முன்பெல்லாம் வாசலுக்கு ஒரு குண்டு பல்ப், அதுவும் 40 வாட்ஸ். இப்போது எல்.இ.டி. வந்து கரன்ட் செலவு குறைந்ததும் நாம் என்ன செய்தோம்? மிச்சம் பிடிக்கவில்லை, இன்னும் நாலு மாட்டினோம். அதுவும் வெள்ளை வெளேரென்று. பல்ப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், கடைக்காரர் அதை 'டேலைட்' என்பார். அதில் நீலம் அதிகம், நீல ஒளிதான் காற்றில் அதிகமாகச் சிதறும், பகலில் வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். 2700, 3000 என்று போட்டவை மஞ்சளாக இருக்கும், அதே வெளிச்சத்துக்கு வானத்தைக் குறைவாகக் கெடுக்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: இங்கே மேகம் நம் தலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மேலே போகிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வரும், அப்போது டவுன் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். பனியில் ஹை பீம் போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம்.

என் வீட்டு வாசலிலேயே 50 வாட்ஸ் ஃபோகஸ் லைட் ஒன்று போட்டிருந்தேன், பெருமைக்குத்தான். ஒரு நாள் காலையில் படியைக் கூட்டினால் ஒரு கை அளவு விட்டில், வண்டு. அதற்கு நடுவில் வெளிர் பச்சை நிறத்தில், நீண்ட வாலோடு, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி, ஒரு சிறகு கிழிந்து கிடந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அந்த இனத்துக்குச் சாப்பிட வாயே வேலை செய்யாதாம். புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்து ஒரு வாரம் போல வாழும், அதற்குள் ஜோடி தேடி முட்டையிட வேண்டும். அதில் ஒரு முழு ராத்திரியை என் சுவரைச் சுற்றித் தீர்த்திருக்கிறது. பூச்சிக்கு வெளிச்சத்தின் மேல் ஆசை என்று பாட்டில் எல்லாம் சொல்வோம் இல்லையா, அப்படி இல்லையாம். வெளிச்சமான பக்கம்தான் வானம் என்று நம்பி முதுகை அந்தப் பக்கம் வைத்தே பறக்கும் என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. பல்புக்குக் கிட்டே வந்ததும் முதுகை அதற்குத் திருப்பித் திருப்பியே வட்டத்தில் மாட்டிக்கொள்கிறது.

பூச்சி போனால் அதைத் தின்கிறதும் திண்டாடும். ஹோட்டன் சமவெளிப் பக்கத்துத் தேவாங்கு இருக்கிறதே, 2010இல்தான் அதன் படத்தையே உலகம் முதன்முதலாகப் பார்த்தது, அது ராத்திரியில் கிளை கிளையாகப் போய்ப் பூச்சி பிடிக்கிற பிராணி. ஆறுமணிக்குருவி வேறு. குளிர்காலத்துக்காக இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி ராத்திரியில் பறந்து வருகிறது, ஒக்டோபர், நவம்பரில் வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் வந்து விழும்.

சரி, அதற்காக விளக்கை அணையுங்கள் என்று நான் சொன்னால் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள், நியாயமாகவே. டியூஷன் முடிந்து ஏழு மணிக்குப் பிள்ளைகள் வருகிற தேயிலை ரோட்டில் ஒரு கம்பம் கிடையாது. உள்ளூர் நிர்வாகமான பிரதேச சபைக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை வேலை செய்வதற்கே தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆனால் அதே ரோட்டிலிருந்து பார்த்தால் எதிர் மலையில் ஒரு ஹோட்டல், விடிய விடிய நாலு ஃபோகஸ் லைட்டை ஆளே இல்லாத பாறை மேல் அடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் இங்கேதான். வெளிச்சம் கூடிப்போய்விட்டது என்பதில்லை என் கட்சி, வேண்டிய காலடிக்கு வராமல் வேண்டாத வானத்துக்குப் போகிறது.

பெரிய லைட் எதற்கு என்று கேட்டால் சிறுத்தைப் பயம் என்பார்கள். கண்ணில் குத்துகிற லைட்டுக்குக் கீழே நின்று பாருங்கள், அந்த வட்டத்துக்கு வெளியே என்ன உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. தாழ்வாக, படியைப் பார்த்து விழுகிற வெளிச்சத்தில்தான் கண் இருட்டுக்கும் பழகும்.

சிவனொளிபாதமலையைப் பாருங்கள், பெயரிலேயே ஒளி இருக்கிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை விளக்குகள் மாலை போட்ட மாதிரி எரியும், ஏறுகிறவர்களுக்கு அது வேண்டும். சீசன் முடிந்தால் மலை இருட்டுக்குத் திரும்பிவிடும். இதைவிட நல்ல டைமர் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு என்றால் ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சர் போதும்.

என் வாசலில் இப்போது 9 வாட்ஸ் மஞ்சள் பல்ப், அதற்கு மேல் பால்மா டின்னை வெட்டிக் கவிழ்த்த ஒரு தொப்பி. காற்றுப் போக ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் பல்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். ஓட்டையை மேலே போடாதீர்கள், மழைத்தண்ணி இறங்கும், பக்கவாட்டில் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, "இப்பதான் தம்பி எங்க காம்பராவில தூக்கம் வருது" என்றார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறார், பாவம்.

அந்த எதிர் மலை ஹோட்டலிலிருந்து போன மாதம் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்து இரண்டு லைட்டைக் கீழே திருப்பிவிட்டேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற இரண்டும் படம் எடுக்க வேண்டுமாம், பதினொரு மணிக்கு அணைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் தினமும் இஸ்தோப்பில் நின்று மணி பார்க்கிறேன். நேற்று பதினொன்று இருபதுக்கு அணைந்தது.

உங்கள் வீட்டில் காலி டின் இருந்தால் எறியாதீர்கள், வேலைக்கு வருகிறபோது வெட்டித் தருகிறேன். வணக்கம்.